கோள்மூட்டிப் பெட்டி

டெலிமெற்றி என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டபோது இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன். குழி இலுப்பைக்கடவையில், அக்கா வீட்டின் பின்வளவில் இருந்தது. வெட்டியவனும் நான்தான். அன்று காலைதான் மன்னாரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன். கட்டாரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை முடிந்துவிட்டது. கம்பனி எங்களை அனுப்பிவிட்டது. படலையைத் திறந்ததும் அக்கா தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப வந்தனீ?"

"இப்பதான்."

தேத்தண்ணி தந்தார். குடித்து முடித்ததும் மண்வெட்டியைத் தந்தார். நான் எவ்வளவு காலம் கழித்து வந்தாலும் அக்கா அழுவதுமில்லை, கட்டிப்பிடிப்பதுமில்லை. செய்வதற்கு ஒரு வேலையை வைத்திருப்பார். அந்த வேலை எனக்காகத்தான் காத்திருந்தது போல இருக்கும். ஊர் ஊராக அலைபவனுக்கு அதைவிட நல்ல வரவேற்பு வேறில்லை.

நான் எட்டாம் வகுப்பின் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டேன் என்பதைவிட, பள்ளிக்கூடம் எங்களை விட்டு இடம்பெயர்ந்தது என்று சொல்லலாம். பிறகு வள்ளத்தில் இந்தியா, முகாம், திருப்பூரில் சாயப்பட்டறை, திரும்பி வந்து லொறியில் கிளீனர், பிறகு வெளிநாடு. ஒரு இடத்தில் சில மாதம் நின்றால் எனக்குக் கால் உளையத் தொடங்கிவிடும். அக்கா அப்படியல்ல. அவர் ஒரு இடத்தில் இருந்துகொண்டே தூரத்தில் உள்ளதைக் கேட்கும் ஆள். அவரிடம் அமெச்சூர் றேடியோ லைசன்ஸ் இருக்கிறது.

அது வந்த கதையும் தையலில்தான் தொடங்கியது. சில வருடங்களுக்கு முன் மன்னார் டவுனில் புயல் காலத்துக்கென்று ஒரு றேடியோ வகுப்பு நடந்தது. றேடியோ செற்றுகளை வைத்துத் தோளில் தூக்கிச் செல்ல ரெட்டுத் துணியில் பைகள் தேவைப்பட, தைக்க அக்காவைக் கூப்பிட்டார்கள். அளவெடுக்கப் போனவர் பின்வரிசைக் கதிரை ஒன்றில் இருந்துவிட்டார். அடுத்த நாளும் இருந்தார். கடைசியில் சோதனை எழுதி, முதல் தடவையிலேயே சித்தியடைந்தார். அதே வகுப்பில் தாராபுரத்தில் றேடியோ, டிவி திருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவரும் படித்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அழைப்பது போல அக்கா அவரை நானா என்று கூப்பிடுவார், நானும் அப்படியே. நானா இரண்டாம் தடவைதான் சித்தியடைந்தார். அதை அக்கா இன்றுவரை மறக்க விட்டதில்லை.

"சரி, இந்தக் குழி எதுக்கு?" என்று உள்ளே நின்றபடி கேட்டேன்.

"பைப்பு நட. பைப்பு உச்சியிலை அன்ரெனா. உன்ரை அத்தான்ரை வள்ளத்திலை பெட்டி ஒண்டு வைக்கப்போறன். டெலிமெற்றி."

"அது என்ன?"

"தூரத்திலை இருக்கிறதின்ரை நாடியை இஞ்சை இருந்து பிடிச்சுப் பாக்கிறது. நீ வெட்டு."

அத்தானின் நாடி அந்த நாட்களில் நன்றாக இல்லை. அதற்கு முந்தைய சோளகக் காலத்தில், தென்மேற்குக் காற்று கிளம்பிய ஒரு நாள், அவருடைய எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. போனுக்குச் சிக்னல் இல்லை. நீரோட்டம் வள்ளத்தை இந்திய எல்லைப் பக்கமாக இழுத்துப் போய்விட்டது. அடுத்த நாள் வேறு வள்ளக்காரர் கண்டு கட்டி இழுத்து வரும்வரை அக்கா கரையில் நின்றார். அத்தான் இறங்கி வந்து, பசிக்குது, புட்டு இருக்கா என்று கேட்டாராம். அக்கா புட்டு அவித்துக் கொடுத்துவிட்டு, எஞ்சினிலிருந்து பிளக் இரண்டையும் கழற்றி வந்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

எந்தக் கடையிலும் புதுப் பிளக் வாங்கலாம். அத்தான் வாங்கவில்லை. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று சொல்ல இது போதும்.

ஆனால் கடல் இல்லாத அத்தானைப் பார்க்க முடியவில்லை. மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுத்தார். விடியமுன்னம் கரைக்குப் போய் ஆருடைய வள்ளத்தையாவது தண்ணீருக்குள் தள்ளிவிட்டு, அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். வீட்டில் இரண்டே பேர், ஒருவர் பேசாமல். அதைத் தாங்க முடியாமல்தான் அக்கா நானாவோடு சேர்ந்து பெட்டியைச் செய்யத் தொடங்கினார். ஒப்பந்தம் எளிமையானது. பெட்டி பேசும்வரை அத்தான் கடலுக்குப் போகலாம். என்றைக்கு அது பேசாமல் விடுகிறதோ, அன்றோடு கடல் முடிந்தது. அத்தான் ஓம் என்றார்.

பைப்பு நிமிர்ந்த மறுநாள் இரண்டு படைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அக்கா லைசன்ஸைக் காட்டினார், செற்றைப் போட்டு நானாவோடு கதைத்துக் காட்டினார். ஒருவர் சிரித்துக்கொண்டே தன் காற்சட்டையின் கால்களைக் கட்டையாக்க முடியுமா என்று சைகையில் கேட்டார். பின்னேரம் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

பெட்டி பாண் ரொட்டி ஒன்றின் பாதியளவு. மேலே சின்ன சோலார் தகடு, உள்ளே பற்றரி, பக்கத்தில் விரல் நீளக் கம்பி அன்ரெனா. வள்ளத்தின் பின்பக்கம் ஒரு தடியில் கட்டினோம். அதிலிருந்து ஒரு வயர் வள்ளத்தின் அடிக்குப் போய், அங்கே ஒரு மிதவையில் முடிந்தது. வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும். நிமிடத்துக்கு ஒரு தடவை பெட்டி ஒரு வரி அனுப்பும். அதில் அக்காவின் அழைப்புக் குறி, வள்ளம் நிற்கும் இடம், பிறகு வெறும் இலக்கங்கள்.

முதல் நாள் அத்தான் கடலுக்குப் போனபோது, அந்த வரிகள் விழும் திரையைப் பார்க்கும் வேலை எனக்கு. அக்காவுக்குப் பள்ளிக்கூட யூனிபோம் தைக்கும் அவசரம். நான் பார்த்தேன். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன்.

"அக்கா, பெட்டி வேகுது! எண்பத்திரண்டு!"

"எண்பத்திரண்டு எண்டால் எண்பத்திரண்டு பாகை இல்லையடா, மடையா. அதிலை அம்பதைக் கழி."

"முப்பத்திரண்டு."

"அதுதான் சூடு. இப்ப கடலிலை அவ்வளவுதான் இருக்கும்."

"பிறகேன் எண்பத்திரண்டு எண்டு அனுப்புது? பொய் சொல்லுற பெட்டியோ?"

அக்கா மெஷினை நிற்பாட்டிவிட்டு வந்தார். அந்தப் பெட்டிக்குப் பூச்சியத்திலிருந்து இருநூற்றைம்பத்தைந்து வரைதான் எண்ணத் தெரியும் என்றார். தசம் தெரியாது, கழித்தல் அடையாளம் தெரியாது, வோல்ற் எது பாகை எது என்று தெரியாது. பனி விழுகிற நாட்டுக்காரனும் இதே முறையில்தான் அனுப்புகிறான். அவனுக்குப் பூச்சியத்துக்குக் கீழேயும் காட்ட வேண்டும். ஆகவே ஐம்பதைக் கூட்டி அனுப்புவது, வாங்குகிறவர் கழித்துக்கொள்வது. பற்றரி இலக்கத்தை ஐம்பதால் பிரிக்க வேண்டும். இருநூறு என்று வந்தால் நாலு வோல்ற், நல்ல பலம். கடைசியில் வருவது பூச்சியமோ ஒன்றோ மட்டும். பூச்சியம் என்றால் வள்ளத்தின் அடி காய்ந்திருக்கிறது. ஒன்று என்றால் தண்ணீர். இந்த விளக்கத்தையெல்லாம் பெட்டி எப்போதாவது ஒருமுறைதான் அனுப்பும். மற்ற நேரமெல்லாம் இலக்கம் மட்டும்.

"உனக்கு இது விளங்காட்டி இதைப் பார்," என்று ஒரு சட்டைத் துணியில் குத்தியிருந்த துண்டைக் காட்டினார். அதில் முப்பத்தாறு, பதினேழு, ஒன்பதரை என்று எழுதியிருந்தது. "இது ஆர்?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"தலைமாஸ்ரர். முதலாவது நெஞ்சு, ரெண்டாவது தோள், மூண்டாவது கை. அடுக்கு தெரிஞ்சால் ஆளே முன்னாலை வந்து நிப்பார்."

அதன்பிறகு எனக்கு அது பிடிபட்டது. வரிசையின் தொடக்கத்தில் வரும் இலக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது வெறும் எண்ணிக்கை. பெட்டிக்கு உயிர் கொடுத்தவுடன் பூச்சியத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒன்று கூடும். நாங்கள் கேட்டோமா இல்லையா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அலை மறைத்து நாலைந்து வரிகள் எங்களுக்கு வராமல் போனாலும், அடுத்த வரியில் எண்ணிக்கை நாலைந்து தாண்டி நிற்கும். ஆளே இல்லாத இடத்தில் பேசிக்கொண்டு போகிறவனை எனக்குத் தெரியும். கட்டார் பாலைவனத்தில் நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்.

அத்தான் அதற்குக் கோள்மூட்டி என்று பேர் வைத்தார். "என்ன மச்சான், கோள்மூட்டி இண்டைக்கு என்ன சொல்லிச்சு?" என்று கரையில் இறங்கும்போதே கேட்பார். "பத்து மணிக்கு நீங்கள் நித்திரை எண்டு சொன்னது" என்பேன். அவர் தலையைப் பின்னால் எறிந்து சிரிப்பார். உடம்பு தேறியது. சோறு இரண்டாம் தடவையும் கேட்டார். நான் போக நினைத்தவன், இன்னும் கொஞ்ச நாள் நிற்கலாம் என்று நின்றுவிட்டேன்.

பிழை வேறு பக்கத்திலிருந்து வந்தது. வள்ளம் மேற்கே போகும்போது அக்காவின் அன்ரெனாவைவிடத் தாராபுரத்தில் நானாவின் கடை அன்ரெனாவுக்கு நன்றாகக் கேட்கும். நானா தன் கடையில் கேட்பதையெல்லாம் இணையத்துக்கு அனுப்பும் ஒரு சின்னக் கருவியைப் பூட்டியிருந்தார். அமெச்சூர் றேடியோக்காரர் உலகமெங்கும் செய்வதுதான். அதனால் அத்தானின் வள்ளம் ஒரு கடல் படத்தில் சின்னப் புள்ளியாகத் தெரியும். போன் வைத்திருக்கும் ஆரும் பார்க்கலாம். அக்கா பெருமையோடு கரையில் நாலு பேருக்குக் காட்டினார். மீன் வாங்க வரும் சம்மாட்டி ஒருவர், சில வள்ளங்களுக்கு முதலாளி, தினமும் பார்க்கத் தொடங்கினார்.

கடற்காரருக்கு இடம் என்றால் என்னவென்று அக்கா அறியாதவரல்ல. ஆனால் பயத்தோடு இருக்கிறவருக்கு அது நினைவுக்கு வராது. அத்தான் கணவாயையும் மீனையும் கடலடியில் கூடு வைத்துப் பிடிக்கிறவர். கூடு போடும் இடம் கடலுக்கடியில் ஒரு கல்லுப்பார், மீன் கூடும் பாறைத்திட்டு. அதை அவர் இளவயதில் தற்செயலாகக் கண்டுபிடித்தார். கூடப் போகும் ஆளில்லாமல் தனியே போகப் பழகியதும் அதற்காகத்தான். அந்தப் பாரை அவர் கட்டிய மனைவிக்கும் சொன்னதில்லை, அக்கா கேட்டதுமில்லை. எங்கள் கரையில் அப்படித்தான். சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம், நோய் என்னவென்று கேட்கலாம், பார் எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஒரு மத்தியானம் அத்தான் என்னைக் கரையில் ஒதுக்கிக் கூட்டிப் போனார். சிரிப்பு இல்லை.

"மச்சான், என்ரை பாரிலை ரெண்டு வள்ளம் நிக்குது."

"ஆற்றை?"

"ஆற்றையெண்டால் என்ன. கையிலை போனை வைச்சுக்கொண்டு நேரா வாறாங்கள். எனக்குக் கை வேற காட்டுறாங்கள்."

"அக்காட்டைச் சொன்னீங்களோ?"

"சொன்னால் உன்ரை அக்கா பெட்டியைக் கழட்டுவா. பெட்டி இல்லாட்டிக் கடல் இல்லை. அதுதானே பேச்சு." மணலைக் காலால் தட்டினார். "விடு. நான் பாத்துக்கொள்ளுறன்."

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. வேறு இடத்துக்குக் கூடுகளை மாற்றுவார் என்று நினைத்தேன்.

சில நாட்களின் பின் ஒரு காலை, காற்று கொஞ்சம் கூடியிருந்தது. பனைகள் சத்தம் போட்டன. நான் திரைக்கு முன்னால் இருந்து பாணும் சம்பலும் தின்றுகொண்டிருந்தேன். எண்ணிக்கை நூற்றுப்பதினெட்டு வந்தது. பற்றரி இருநூற்றொன்று, சூடு எண்பத்துநாலு, தண்ணீர் பூச்சியம். பிறகு ஒன்றும் வரவில்லை. அலைதான் மறைக்கிறது என்று இருந்தேன். பாண் முடிந்தது. வரவில்லை.

அக்காவுக்கு நான் சொல்லவே தேவையிருக்கவில்லை. ஒவ்வொரு வரி விழும்போதும் செற் ஒரு சின்னச் சத்தம் போடும். அது நின்றதை அவர் மெஷின் சத்தத்துக்குள்ளேயே கவனித்துவிட்டார். கால் மிதிப்பதை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தார்.

பிறகு எழும்பி வந்து மைக்கை எடுத்தார். றேடியோவில் அக்காவின் குரல் மாறிவிடும். கோயிலில் வேத வாசகம் வாசிக்கிற குரல். முதலில் தன் அழைப்புக் குறி, பிறகு நானாவினுடையது. எவ்வளவு பயமென்றாலும் அந்த ஒழுங்கு குலையாது.

"கடைசியா எத்தனையாவது கேட்டது? ஓவர்."

"நூத்திப்பதினெட்டு, தங்கச்சி. அதுக்குப் பொறகு எனக்கும் ஒண்டும் விழல்ல. சும்மா பயப்படாதீங்க, அல்லாஹ் இருக்கிறான். நான் கடையைச் சாத்திட்டு இதுக்கு முன்னாலயே இருக்கிறன். ஓவர்."

அக்கா மைக்கை வைத்துவிட்டுத் திரையில் கடைசி வரியைப் பார்த்தார். "பற்றரி நிறைய இருக்கு. தண்ணி இல்லை. நிறைஞ்ச வயித்தோடை ஒருத்தன் ஏன்ரா பேச்சை நிப்பாட்டுறான்?"

"அன்ரெனா முறிஞ்சிருக்கும்," என்றேன்.

"அல்லது ஒரேயடியாக் கவிண்டிருக்கும்."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பெரிய விஷயங்களை அப்படித்தான் சொல்வது. ஆனால் அவருடைய கை, தைத்துக்கொண்டிருந்த நீலத் துணியை விடவேயில்லை. என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கரைக்குப் போ. ஆரெண்டாலும் ஒரு வள்ளம் கேள்."

ஓடினேன். கரையில் நின்ற ஒருவர் வேறு கேள்வி கேட்காமல் மண்ணெண்ணெய் விடத் தொடங்கினார். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. கான் பாதி காலியானபோது போன் அடித்தது. அக்கா.

"நிப்பாட்டு. வந்திட்டுது. நீ இஞ்சை வா."

உயிர் வந்தது. வீட்டுக்குத் திரும்பினால், அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தார். ஒரு நிம்மதியும் முகத்தில் இல்லை. ஒரு சட்டை பிழையாகத் தைபட்டு வந்தால் அதை எப்படிப் புரட்டிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை வாசி."

எண்ணிக்கை நூற்று அறுபத்தொன்று. பற்றரி நூற்றுத்தொண்ணூறு. சூடு தொண்ணூற்றொன்பது. தண்ணீர் பூச்சியம்.

"பெட்டி நிண்டு திரும்ப எழும்பியிருந்தால் எண்ணிக்கை எதிலை தொடங்கும்?"

"பூச்சியத்திலை."

"இது நூத்தி அறுபத்தொண்டு. அப்ப பெட்டி நிக்கேல்லை. பேசிக்கொண்டுதான் இருந்திருக்கு. எங்களுக்குத்தான் கேக்கேல்லை. சரி, பற்றரி ஏன் இறங்கினது?"

"வெயில் படேல்லை."

"மழையோ? முகிலோ?"

வெளியே பார்த்தேன். முற்றத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாத வெயில்.

"வெயில் படேல்லை எண்டால் குளிர்ந்திருக்கோணும். இது நாப்பத்தொன்பது பாகைக்கு வெந்திருக்கு. வெயிலும் படாமல், வேகவும் செய்து, சத்தமும் வெளியிலை வராமல்..." அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "அலுமினியச் சட்டி. வள்ளத்திலை கறி வைக்கிற பெரிய சட்டி. மனுசன் பெட்டிக்கு மேலை சட்டியைக் கவிட்டிருக்கு. இப்பதான் எடுத்திருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தார் என்று அவர் கேட்டபோது, கரையில் அத்தான் சொன்னதைச் சொன்னேன். பாரில் இரண்டு வள்ளம் நின்றதையும், கை காட்டியதையும். அக்கா மைக்கை எடுத்தார். நானாவுக்குச் சொன்னார், ஆள் சுகம் என்று. நானா மறுபக்கத்தில் அல்ஹம்துலில்லாஹ் என்றது முழு அறைக்கும் கேட்டது.

அத்தான் மத்தியானம் வந்தார். நல்ல பாடு, கணவாய் நிறைய. கால் கழுவி வந்து இருந்தார். அக்கா சோறு போட்டார், மீன் சொதி விட்டார்.

"இண்டைக்கு வள்ளத்திலை என்ன கறி வைச்சனீங்கள்?"

"வள்ளத்திலையோ? ஒண்டும் வைக்கேல்லையே."

"பிறகேன் சட்டியைக் கவிட்டனீங்கள்?"

அத்தானின் கை சோற்றுக்குள் நின்றது. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கோள்மூட்டி அதையும் சொல்லிப்போட்டுதோ?" என்றார் மெதுவாக.

"உங்களுக்கு அது பகிடி. நான் வள்ளம் கவிண்டிட்டுது எண்டு இருந்தனான். இவன் கரைக்கு ஓடினவன். ஒரு சட்டிக்காக."

"சட்டிக்காக இல்லையப்பா. என்ரை பாருக்காக. பெட்டி நான் நிக்கிற இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லுது. உமக்கு மட்டும் கேக்கிற மாதிரிப் பூட்டி அனுப்பேலாதோ?"

"ஏலாது. அமெச்சூர் றேடியோவிலை மறைச்சுப் பேசக் கூடாது. ஆர் கேட்டாலும் விளங்கோணும். அதுதான் சட்டம். அதுக்குக் கையெழுத்து வைச்சுத்தான் லைசன்ஸ் எடுத்தனான்."

அத்தான் தலையாட்டினார். சட்டம் என்றால் சட்டம் என்பதை ஏற்கிற மனிதர். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "அப்ப சரி. பேச்சு பேச்சுத்தானே. பெட்டி பேசாத நாள் கடல் முடிஞ்சுது எண்டனீர். நான் நாளைக்குப் போகேல்லை."

அக்கா சண்டைக்குத்தான் ஆயத்தமாக இருந்தார். இதற்கு ஆயத்தமாக இல்லை.

அடுத்த நாள் அத்தான் வேம்புக்குக் கீழே இருந்து வலை பொத்தினார். அதற்கு அடுத்த நாளும் பொத்தினார். கோபமில்லை, முகத்தை நீட்டவுமில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். சோறு மறுபடி பாதியானது. அக்கா மெஷினில் இருந்தபடி யன்னலால் அவரைப் பார்ப்பதும், தையல் கோணலாகப் போவதும், பிரிப்பதுமாக இருந்தார். கடற்காரரின் பெண்சாதிக்குக் கணவனைக் கடலுக்குத் தள்ளிவிடவும் மனமில்லை, கரையில் வைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் அக்கா பெட்டியைத் தடியிலிருந்து கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். கொம்பியூட்டரில் பூட்டினார். தாராபுரத்திலிருந்து நானா ஸ்கூட்டரில் வந்தார். வரும்போது வட்டிலப்பம் கொண்டுவந்தார். இரண்டு பேரும் திரைக்கு முன்னால் இருந்து வாதாடினார்கள்.

"இடத்தை எடுத்திட்டா மிச்சம் என்ன இருக்கு, தங்கச்சி? பொறகு அதால என்ன பிரயோசனம்?"

"டெலிமெற்றி இருக்கு, நானா. பற்றரி, சூடு, தண்ணி. ஆள் எங்கை எண்டு எனக்கு என்னத்துக்கு? எப்பிடி எண்டு சொன்னால் காணும். அடியிலை தண்ணி ஏறினால் மட்டும், இல்லாட்டி அவர் சுவிச்சைத் தட்டினால் மட்டும், இடத்தையும் சேர்த்து அனுப்பட்டும்."

நானா தாடியைத் தடவினார். "மறைச்சது ஒண்டுமில்ல. சொல்லாம விட்டது. சட்டத்துக்குப் பிழையில்ல." பிறகு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "ரெண்டாம் தரம் பாஸ் பண்ணினவன் சொல்றதையும் கேளுங்க."

நான் வாசலில் நின்று அதைக் கேட்டேன். நான் வெளிநாடுகளில் நின்ற காலங்களில் அக்கா போனில் மூன்றே கேள்விதான் கேட்பார். சாப்பிட்டியோ, காய்ச்சல் ஒண்டும் இல்லையே, நித்திரை வருதோ. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டதேயில்லை. எனக்கு அப்போது அது அக்கறைக் குறைவு போலவும் தோன்றியதுண்டு. அவருக்குத் தேவையான மூன்று இலக்கங்களை வாங்கிக்கொண்டு போனை வைத்திருக்கிறார்.

பின்னேரம் அக்கா அத்தானைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். படத்தில் இனிப் புள்ளி வராது, பெட்டி மட்டும் பேசும், சட்டி கறிக்கு மட்டும். அத்தான் பெட்டியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். கடலுக்குப் போக விடை கிடைத்தவரின் சந்தோசம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் வேறு எதையோ யோசித்தார்.

"பெட்டியும் நிண்டுபோனால்? எஞ்சினும் நிண்டு, பெட்டியும் நிண்டால், உமக்கு எங்கை தேடுறதெண்டு தெரியாதே."

"தெரியாதுதான். ஆண்டவர் விட்ட வழி."

அத்தான் வெட்டுகிற மேசைக்குப் போனார். அங்கே நீல யூனிபோம் துணி விரித்தபடி கிடந்தது. அக்காவின் தையல் சோக்கை எடுத்தார். துணியில் ஒரு வளைந்த கோடு கீறினார். கரை என்று எனக்கு விளங்கியது. மேலே ஒரு சிலுவை. கோயில் என்று விளங்கியது. அதோடு நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், நீ வெளியிலை போ."

"ஏன் அத்தான்? நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

"நீ ஊர் ஊராத் திரியிறவன். உன்னோடை என்ரை பாரும் திரியும். போடா."

நானாவும் நானும் முற்றத்தில் நின்று மிச்ச வட்டிலப்பத்தைத் தின்றோம். உள்ளேயிருந்து அத்தானின் தாழ்ந்த குரல் கேட்டது. இடைக்கிடை அக்கா ஏதோ கேட்டார். "பனை ரெண்டும் ஒண்டா வருமட்டுமோ?" என்று ஒருமுறை. "எத்தினை பாகம் ஆழம்?" என்று ஒருமுறை. நானா, "நமக்குக் கேக்கப்படாது, தம்பி" என்று என்னை வேலிவரை தள்ளிக்கொண்டு போய்விட்டார். திரும்பி உள்ளே போனபோது துணியில் ஒரு கீறும் இல்லை. அக்கா உள்ளங்கையால் சோக்குத் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

அத்தான் அடுத்த நாள் கடலுக்குப் போனார். வரிகள் விழத் தொடங்கின. நான் வாய்விட்டு வாசித்தேன். பற்றரி இருநூறு, சூடு எழுபத்தொன்பது, தண்ணீர் பூச்சியம். அக்கா கால் மிதித்தபடியே ஓம் என்றார். இடம் இருந்த இடத்தில் வெறுமை.

வெயில் ஏறியபின் சம்மாட்டி, மகளின் யூனிபோமை வாங்க வந்தார். கையில் போன்.

"என்ன பிள்ளை, உங்கடை மனுசன் இண்டைக்கும் கடலுக்குப் போகேல்லையோ? படத்திலை ஆளைக் காணேல்லை."

அக்கா கடைசித் தையலின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"போயிருக்கிறார், அண்ணை. நல்லா இருக்கிறார்."